சுவிட்சைப் போடும் முன் துடைக்க வேண்டியது

2013 மார்ச் 4: மாப்பிள்ளை வேலையில் சேர்ந்தது.
2020 ஆகஸ்ட் 17: புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து. இடையில் விலகினால் கட்ட வேண்டியது நான்கு லட்சம்.
2021 நவம்பர் 8: என் மகளும் பேத்தியும் வேறு ஊருக்குப் போனது. பயணச் செலவு 9,340.
2023 பிப்ரவரி 13: மாப்பிள்ளைக்கும் அந்த ஊரில் வேலை உறுதியானது. சேர வேண்டிய கடைசி நாள் ஜூலை 3.

இந்த நான்கு வரிகளுக்கு நடுவில் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்தபோது, மூன்று மாதத்தில் நானும் மாப்பிள்ளையும் பின்னாலேயே போய்விடுவதாகத்தான் பேச்சு. பெரிய அலமாரியைக்கூடக் காலி செய்து கயிறு போட்டுக் கட்டினோம். அங்கே அவருக்கு வேலை அமையாததால் அது கட்டியபடியே முன்னறையில் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு நடப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் சமைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன். குறை சொல்ல மூன்றாவது ஆள் கிடையாது.

பேத்தி போனில் எப்போது வருவாய் என்று கேட்பாள். வந்துகொண்டே இருப்பதாக அவர் சொல்வார். ஒரு நாள் அவள் விடவில்லை.

"எதுலப்பா வந்துக்கிட்டே இருக்க? நடந்தா வர்ற?"

அவர் சிரித்தார். போனை வைத்ததும் அலமாரிக் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

லிஃப்டை ஓட்டும் கம்ப்யூட்டர் அட்டைக்கு அடிப்படை மென்பொருள் எழுதுவது அவர் வேலை. கர்னல் என்பார்கள், மற்ற எல்லாம் அதன் மேல்தான் உட்காரும். மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பவை அவர் எழுதிய வரிகள். அவர் இடமோ நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய ஜன்னலில்லாத அறை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே கீழ்த்தளம் என்றாகிவிட்டது. கீழ்த்தளம் சாப்பிடப் போயிருக்கிறது, கீழ்த்தளத்துக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பேசிக்கொள்வார்களாம்.

வேலை உறுதியானதும் அவர் விடுவிப்புக் கடிதம் கேட்டார். அது இல்லாமல் புது இடத்தில் சேர்க்க மாட்டார்கள். அதே சமயத்தில்தான் புகார்கள் வரத் தொடங்கின. மின்சாரம் போய்த் திரும்பினால் சில லிஃப்டுகள் விழிப்பதில்லை. ஒரு கட்டடத்தில் கதவை நெம்பித் திறக்கும் வரை இரண்டு பேர் உள்ளே நின்றிருக்கிறார்கள். மேலாளர் குரலை உயர்த்தாத மனிதர்.

"உங்கள யாரு பிடிச்சு வச்சிருக்கா? அது எழுந்திரிச்சா நீங்களும் எழுந்திரிச்சுப் போகலாம்" என்றாராம்.

ஆனால் கீழ்த்தள அறையில் அட்டை ஒரு முறைகூட விழிக்காமல் இருந்ததில்லை. வராத நோய்க்கு மருந்து தேடுவது போல மார்ச் முழுவதும் போயிற்று.

ஏப்ரல் 12 அன்று எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அவர் ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்தார். அட்டையைக் கொண்டுவர அனுமதித்தார்கள். புராசஸருக்குள் நடப்பதைப் பார்க்கும் சோதனைக் கேபிளையும் அதன் பெட்டியையும் வாசல் தாண்ட விடவில்லை, விலை அதிகம்.

கண்ணில் கட்டோடு படிக்கவும் எழுதவும் முடியாமல், அவர் வேலை என்னவென்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். மின்சாரம் வந்த புதிதில் புராசஸர் நினைவகத்தை உள்ளது உள்ளபடியே பார்க்குமாம். பிறகு கர்னல் ஓர் அட்டவணை போடும்: இந்த முகவரியைக் கேட்டால் உண்மையில் அந்த இடத்துக்குப் போ என்று. அதை முடித்துவிட்டுப் புராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு சுவிட்சைப் போட வேண்டும். அந்த நொடியிலிருந்து புராசஸர் அட்டவணையைத் தவிர எதையும் நம்பாது. சுவிட்சைப் போடும் வரியும் அதே நினைவகத்துக்குள்தான் இருக்கிறது. அந்த வரி தான் நிற்கும் இடத்தை முதலில் அட்டவணையில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் அடுத்த வரி எங்கே என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடும். கத்தாது, ஒரு விளக்கும் எரியாது.

"அப்ப அதைச் சேர்க்க மறந்துட்டீங்களா மாப்பிள்ளை?"

"அதெல்லாம் சேர்த்தாச்சு மாமா. அதான் புரியல."

ஏப்ரல் 16, ஞாயிறு மதியம் ஒரே புழுக்கம். மின்விசிறி சுவிட்ச் என்று தடவி, அட்டைக்குப் போகும் சுவிட்சை அணைத்துவிட்டேன். தவறு தெரிந்ததும் பதறி உடனே திரும்பப் போட்டேன். வரிசையாக எரிய வேண்டிய விளக்குகள் எரியவில்லை. கருக்கிவிட்டேன் என்று நினைத்துக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார்.

"மாமா, இப்ப என்ன பண்ணீங்க?"

"தெரியாமப் பட்டுடுச்சு, மாப்பிள்ளை."

"பரவாயில்ல. அதே தப்ப இன்னொரு தடவை பண்ணுங்க. அதே வேகத்துல."

என் எழுபத்தெட்டு வயதில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. செய்தேன். சில முறை விழித்தது. பிறகு மறுபடியும் நின்றது. அவர் கையைக் கழுவக்கூட இல்லை, தரையில் உட்கார்ந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இங்கே கேபிள் இல்லையே என்று மெல்லச் சொன்னார்.

புராசஸர் அட்டவணையை ஒவ்வொரு தடவையும் புரட்டாது. அண்மையில் பார்த்த விடைகளைத் தனக்குள் ஒரு சிறு இடத்தில் வைத்துக்கொள்ளும். மின்சாரம் சட்டென்று போய் வந்தால் அங்கே குப்பை தங்கியிருக்கலாம். சுவிட்சைப் போடும் முன் அதைத் துடைத்துவிட வேண்டும். அந்த வேலையைக் கேபிள் பெட்டி, தான் தொடங்கும்போதே யாரும் சொல்லாமல் செய்துவிடும். கீழ்த்தளத்தில் கேபிளை யாரும் கழற்றுவதில்லை. கழற்றினால் உள்ளே நடப்பது தெரியாது. ஆக, கோளாறைப் பார்க்க வைத்திருந்த பெட்டியே கோளாறை மறைத்துக்கொண்டிருந்தது.

துடைக்கும் வரிகளைச் சேர்க்க அரை நாள்கூட ஆகவில்லை. அந்த வாரம் முடிந்து அலுவலகம் போன அன்று கேபிளைப் பிடுங்கிவிட்டு மாலை வரை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் விழித்தது. வீட்டுக்கு வரும்போது சாமான் பெட்டி ஒட்டும் நாடா இரண்டு சுருள் வாங்கிவந்தார்.

மறுநாள் மேலாளர் கை கொடுத்துப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, இன்னும் இரண்டு புது அட்டைகள் வருவதைச் சொன்னார். இதைப் புரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், உங்களை எப்படி விடுவது என்று கேட்டார். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது: வேறொருவர் பராமரிக்கக்கூடிய நிலையில் ஒப்படைத்த பிறகே விடுவிப்பு, அதற்கு முன் விலகினால்தான் அந்த நான்கு லட்சம். மாப்பிள்ளையின் வரிகளில் விளக்கம் என்று ஒரு சொல் கிடையாது. புரிகிறவனுக்குப் புரியும் என்பது அவர் கொள்கை. பக்கத்து மேசையில் அட்டைகளைச் சோதிக்கும் பெண்மணி பல தடவை சொல்லியிருக்கிறாராம், "உங்க புரோகிராமைப் படிக்கணும்னா கூடவே உங்களையும் வாங்கி வைக்கணும்." அதை அவர் வீட்டில் பெருமையாகச் சொல்வார். என் மகள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

அன்று மாலை நாடாச் சுருள்களை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷமா உள்ள இருந்துக்கிட்டே பூட்டியிருக்கேன், மாமா."

பிறகு எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கு மேலும், அது ஏன், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று. எழுதியது சோதனைப் பெண்மணியிடம் போய்ச் சிவப்புக் குறிகளோடு திரும்பும். "இது உங்களுக்குப் புரியுது. எனக்கு?" முதல் வாரம் அவருக்குக் கோபம் வந்தது. இரண்டாவது வாரம் வாயை மூடிக்கொண்டு திருத்தினார். மே முழுவதும் அப்படியே போயிற்று.

ஜூன் 20 அன்று ஒப்படைப்புக்கான சோதனை: மேலாளர் முன்னால் அந்தப் பெண்மணி, கேபிள் இல்லாமல், புது அட்டையைத் தனியாக எழுப்ப வேண்டும். மாப்பிள்ளையை மேல்மாடி உணவகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கீழே வரக் கூடாது. முதல் தடவை அட்டை நின்றுவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். தேநீர் ஆறியது. எழுந்து படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாராம். கீழே அந்த அம்மாள் அவரைக் கூப்பிடவில்லை, விளக்கங்களைத்தான் திரும்பப் படித்திருக்கிறார். புது அட்டையில் நினைவகம் தொடங்கும் இடம் வேறு. சுவிட்சைப் போடும் வரி நிற்கும் இடம் அதனால் அட்டவணையில் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்தார். விளக்குகள் வரிசையாக வந்தன. மாடிக்கு ஏறி வந்தார்.

"கீழ்த்தளம், இனிமே நீங்க தேவையில்ல."

வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை மாப்பிள்ளை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

கடிதம் உடனே வரவில்லை. மேலாளர் வெளியூரில், கையெழுத்து நிற்கிறது என்றார்கள். ஜூலை 3 நெருங்கிக்கொண்டிருந்தது. பேத்தி கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நாங்கள் அலமாரியைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தோம். நாடாவைப் பிரிக்கவில்லை.

விடுவிப்புக் கடிதம் வந்தது 2023 ஜூன் 28, புதன்கிழமை.