மழைநீர்க் கட்டணமும் வெர்னா ஹுடாக்கின் மூன்று நிமிடமும்

எங்கள் நகர மன்றத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் உண்டு. அவர்கள் பேசலாம், உறுப்பினர்கள் கேட்கலாம், பதில் மட்டும் சொல்லக் கூடாது. பதில் சொல்லப் போய் வாக்குவாதம் முற்றிவிடும் என்று பயந்து யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்த விதி. மன்றத்தின் எழுத்தர் என்ற முறையில் நேரம் பார்த்து மணியடிப்பது என் வேலை. ஒஹையோவில் இதைவிட மோசமான வேலைகள் இருக்கின்றன என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

கெட்னர் தெருவின் கடைசி வீட்டுக்காரர் வெர்னா ஹுடாக். எண்பதை நெருங்கும் வயது. கணவர் ஸ்டீவ் இறந்து வெகுநாளாகிறது. ஒரே மகள் அரிசோனாவில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவளிடமிருந்து போன் வரும். இரண்டுக்கும் நடுவில் அந்த வீட்டில் தொலைக்காட்சிதான் பேசும்.

நகராட்சி மழைநீர்க் கட்டணம் போட்டபோது ஊரே கொதித்தது. உங்கள் இடத்தில் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காத பரப்பு எவ்வளவோ, அவ்வளவுக்குக் கட்டணம். கூரை, கார் நிறுத்தும் தளம் எல்லாம் கணக்கில் வரும். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து அளந்தார்கள். கெட்னர் தெருவுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் சந்து உண்டு. பக்கத்து டயர் கிடங்கின் லாரிகள் போய்வரும் வழி அது. படத்தைப் பார்த்த மகானுபாவர் அந்தச் சந்தின் பரப்பைக் கிடங்கின் கணக்கில் போடாமல், அதை ஒட்டியிருந்த ஆறு வீடுகளுக்குப் பிரித்துப் போட்டுவிட்டார்.

முதல் கூட்டத்துக்கு ஆறு வீட்டுக்காரர்களும் திரண்டு வந்தார்கள். வெர்னாதான் பேசினார்.

"கிடங்குத் தண்ணி சந்து வழியா வந்து என் தக்காளிச் செடியையெல்லாம் சாய்ச்சிருது. தண்ணியும் எனக்கு, பில்லும் எனக்கா? இது எந்த ஊர் நியாயம்?"

கூட்டம் சிரித்தது. உறுப்பினர்கள் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. தலைவர் ராய் கான்ட்ஸ் மட்டும், "நன்றி ஹுடாக் அம்மா, அடுத்தவங்க வாங்க" என்றார். அதைச் சொல்ல மட்டும் விதியில் இடமுண்டு.

அடுத்த மாதம் நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் இரண்டு பேர். ஒருவருக்கு இரவு ஷிப்ட் போட்டுவிட்டார்கள், இன்னொருவருக்கு முழங்கால் வலி. பிறகு வெர்னா மட்டும்தான். ஆறு வீட்டுக்கும் சேர்த்து அவரே பேசுவார். ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, தேவாலயத்துக்குப் போகும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுச்சாயம் பூசி, பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் முன்பே வந்து நிற்பார்.

"குளிருதே, வீட்லயே இருந்துட்டு நேரத்துக்கு வந்தாப் போதாதாம்மா?" என்று ஒருமுறை கடுப்பாகக் கேட்டேன்.

"வீட்லயும் சும்மாதானே உக்காந்திருக்கேன், டார்லீன் கண்ணு" என்றார்.

கட்டணம் குறைய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் அவர் வரவில்லை என்பது எனக்கு அன்றே புரிந்துவிட்டது. புரிந்தது எரிச்சலாகவும் இருந்தது. நானும் தனியாக இருப்பவள்தான்.

வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி கொண்டுவருவார். மன்ற உறுப்பினர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது. எழுத்தரைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எல்லாவற்றையும் நானே தின்றேன். பேச்சு மூன்று நிமிடத்தில் ஒருநாளும் முடியாது. மணியடித்த பிறகும் ஒரு வாக்கியம் பேசிவிட்டுத்தான் நகர்வார். "என்ன அவசரம், ராய்? வீட்ல பாலா பொங்குது?" என்று தலைவரையே கேட்டிருக்கிறார். ராய் கூரையைப் பார்ப்பார்.

கடைசியில் ஒரு கனமழை நாளில் நகராட்சிப் பொறியாளர் கெட்னர் தெருவுக்குப் போனார். சந்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் ஓடுவதையும் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்ணால் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் சந்து கிடங்கின் கணக்கில் சேர்ந்தது. ஆறு வீடுகளுக்கும் கட்டணம் இறங்கியது, அதுவரை கட்டியதும் திரும்ப வந்தது. தெருக்காரர்கள் அவரவர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். வெர்னா வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை. இதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் நீலக் கோட்டு வந்து நின்றது. பேச வேண்டும் என்று பெயர் கொடுத்தார். பெயரைக் கூப்பிட்டதும் மேடைக்குப் போனார்.

"உங்க விஷயம்தான் முடிஞ்சிருச்சே, ஹுடாக் அம்மா" என்றேன்.

"முடிஞ்சிருச்சு. நன்றி சொல்லலாம்னு வந்தேன். நன்றி."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் நகரவில்லை. கடிகாரத்தில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல. மிச்ச நேரம் என்னோடதுதானே? கொஞ்சம் நின்னுட்டுப் போறேன். மாசத்துல இங்க மட்டுந்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

ஓர் உறுப்பினர் பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். ராய் என்னைப் பார்த்தார். விதிக்கு நான்தான் காவல். நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ராய் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரிம்மா, சொல்லுங்க. நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார்.

வெர்னா வாயைத் திறந்தார், மூடினார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நகராட்சியையே உண்டு இல்லை என்று ஆக்கிய அந்த அம்மா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷம் குடுங்க, ராய்" என்றார். "யாரும் இதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிறேன்."