வெட்டிய தண்டிலிருந்து வந்த குமிழிகள்

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். கள்ளிக்குப்பத்தில் மூட்டமான வானம், புழுக்கம், மழை மட்டும் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாடி வீட்டு நசீமா, வாளியும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் மீன் தொட்டியை எடுத்துப் போக வந்தவள்.

எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

என் மனைவி விசாலத்துக்கு முட்டி ஆபரேஷன் ஆகி நாலு மாதமாகிறது. மொட்டை மாடியில் அவள் வளர்த்த தொட்டிச் செடிகள் முப்பத்தொன்று. ஏறிப் போய்ப் பார்க்க முடியாது. பெங்களூரிலிருந்து வந்த மகன், அவள் நாற்காலிக்கு எதிரே இரண்டடியில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, உள்ளே செடி நட்டு, "இது உன் தோட்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு வாரம் அவள் டிவியே போடவில்லை. அதற்குள் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிக் கரையத் தொடங்கின. காரணம் லைட். தொட்டியோடு வந்தது நீல லைட்... மீன் அழகாகத் தெரியும், செடிக்கு அதில் சாப்பாடு இல்லை.

எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் காலம் தள்ளியவன் நான். குறை என்றால் கூட்டு, அதுதான் என் புத்தி. எலக்ட்ரிகல் கடைக்குப் போய், கேட்டில் மாட்டுகிற ஐம்பது வாட் ஃபோகஸ் லைட் ஒன்றை வாங்கி, தொட்டிக்கு மேலே கட்டினேன்.

காலை ஆறு மணிக்குப் போடுவேன். சாயங்காலம் அணைக்கலாமா? எங்கள் வீட்டில் முடியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் எரிகிற எதையும் நிறுத்த விசாலம் விட மாட்டாள். அது சாமி விளக்கானாலும் சரி, மீன் விளக்கானாலும் சரி. ஆகவே ராத்திரி பத்து வரை எரிந்தது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்!

பத்தே நாள். தொட்டி, கோயில் குளம் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி முழுக்கப் பாசி. உள்ளே மீன் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

விசாலம் நாற்காலியை டிவி பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள், "அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கோ" என்று நசீமாவிடம் சொல்லிவிட்டாள். முப்பத்தொரு தொட்டிகளை விட்டுக் கொடுத்தபோதுகூட அவள் குரல் அப்படி இருக்கவில்லை.

மறுநாளே பூந்தமல்லிக்கு ஆட்டோ பிடித்தேன். மீன் கடைக்காரர் என் மொபைல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னா சார்... நைட் மேட்சு நடத்தினு கீறீங்களா?"

கடையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் முப்பது வாட் லைட் ஒன்றை எடுத்து, இதுதான் பெஸ்ட் என்று விற்கப் பார்த்தார். நான் விடுவேனா? தொட்டியின் நீளம், அகலம், உயரம் என் சட்டைப் பையில் இருந்தது. நாற்பத்தைந்து லிட்டர். பெட்டிகளின் பின்பக்கத்தையெல்லாம் படித்தேன். லிட்டருக்கு இருபத்தைந்து லூமன் வெளிச்சம் போதும் என்று பேரன் தேடிச் சொல்லியிருந்தான். பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை, அதாவது ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின். பன்னிரண்டு வாட்டில் ஒன்று கச்சிதமாக இருந்தது. அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் ஒரு டைமரை எடுத்து வைத்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டால் மறுபடி பாசிதான் என்றார். காலை எட்டு முதல் மாலை நாலு வரை என்று அவரே திருகியும் கொடுத்தார்.

வீட்டில் அதைப் பார்த்ததும் விசாலம் கேட்டது ஒன்றுதான்.

"நாலு மணிக்கா? அப்ப விளக்கு வைக்கும்போது இருட்டா இருக்குமா?"

"எட்டு மணி நேரம்தான் கணக்கு."

"காலைல தூங்கட்டுமே. மத்தியானம் ஒரு மணிக்கு எழுப்புங்க. செடி என்ன ஆபீசுக்கா போவுது?"

ஒன்று முதல் ஒன்பது வரை. என் எட்டு மணி நேரமும் தப்பவில்லை, அவள் விளக்கும் தப்பவில்லை. ஆறு நாளில் பாசி நின்றது. செடி மட்டும் அப்படியே இருந்தது. வளரவில்லை, சாகவும் இல்லை. விசாலமும் நாற்காலியைத் திருப்பவில்லை.

ஞாயிறு வந்தது. கொடுக்கிற பொருளை அழுக்காகவா கொடுப்பது? ஐந்தரை மணிக்கு விசாலம் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் தையல் கத்தரிக்கோலை நீருக்குள் விட்டு, தண்டுகளின் அழுகிய நுனிகளை ஒவ்வொன்றாக நறுக்கினாள்.

மூன்றாவது தண்டில் அவள் கை நின்றது.

வெட்டிய நுனியிலிருந்து ஒரு குமிழி. அதன் பின்னால் ஒன்று. பின்னால் ஒன்று... ஊசி முனை அளவு. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலில் கோத்த மாதிரி, நேராக மேலே.

பள்ளியில் நீங்களும் படித்திருப்பீர்கள். பீக்கரில் ஹைட்ரில்லா செடி, மேலே கவிழ்த்த புனல், அதன் மேல் சோதனைக் குழாய். ஒளிச்சேர்க்கை! அந்தப் படத்தை அழகாக வரைந்து ஐந்துக்கு ஐந்து மார்க் வாங்கியவன் நான். குமிழியை மட்டும் சின்னச் சின்ன வட்டமாகப் போடுவேன். எழுபத்திரண்டு வயது வரை அது நிஜமாக வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கையில் இருந்த பேப்பரை லைட்டுக்கும் நீருக்கும் நடுவே நீட்டினேன். குமிழிகள் தயங்கின. இடைவெளி கூடியது. ஏறக்குறைய நின்றே போயின. பேப்பரை எடுத்தேன்.

மறுபடி வந்தன.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு வாட். அந்த வெளிச்சத்தைத் தின்று, அழுகல் நறுக்கிய ஒரு தண்டு எங்கள் கூடத்தில் காற்று செய்துகொண்டிருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தமில்லை. நாம் சுவாசிக்கிற அதே காற்று! எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் இன்னொரு தண்டிலும் கிளம்பியது. பிறகு இன்னொன்று. என் வாழ்க்கையில் எண்ணிக்கையைப் பாதியில் விட்டது அன்றுதான்.

அதற்குள் நசீமா வந்து வாசலில் நின்றிருந்தாள். விசாலம் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தொட்டி பக்கம் இன்னும் ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நசீமா ஒரு நிமிஷம் பார்த்தாள். "தொட்டி எங்கயும் வராது போலருக்கே ஆன்ட்டி" என்றாள். சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்து, அவளும் பார்க்கத் தொடங்கினாள்.

ஒன்பது மணிக்கு டைமர் 'டிக்' என்றது. நசீமா வாளியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நசீமா மாடி ஏறிய பிறகு விசாலம் சொன்னாள்: "தரேன்னு சொல்லிட்டு இல்லேன்னா நல்லாருக்குமா? நாளைக்கே அவளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. லைட்டோட."

தொட்டி இரண்டு, அதில் ஒன்று மகன் கணக்கு. லைட் மூன்று, அதில் ஒன்று இப்போது வாசல் கேட்டில். டைமர் இரண்டு, பூந்தமல்லிக்கு ஆட்டோ இரண்டு முறை. ஆக மொத்தம் ஏழாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.