மணலுக்கேற்ற வண்டி

ஊரில் வண்டியை எடுக்கும் முன் டயரைக் காலால் ஒரு உதை உதைத்து, காற்று இருக்கிறதா என்று பார்ப்போம். இங்கே பாலைவனத்துக்குள் இறங்கும் முன், நன்றாக இருக்கிற டயரின் வால்வை அழுத்திக் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடுகிறோம். டயர் தொய்ந்து, அகன்று, மணல் மேல் பரந்து உட்காரும், அப்போதுதான் புதையாது. மெக்கானிக் வேலைக்கென்று இங்கே வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சீறலைக் கேட்டால் என் கை தானாக வால்வை மூடப் போகிறது. காற்று இறங்கினால் பயப்பட வேண்டும் என்று பழகிய கை அது.

என் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்து வைத்திருக்கும் முதலாளி, சயீத். அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். பட்டறைகள் நிறைந்த முசஃபாவில் அவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. வாரத்தில் பாதி நாள் நான் அங்கே. மீதி நாள் பாலைவனத்தின் உள்ளே இருக்கும் அவருடைய ஒட்டகப் பண்ணையில் பம்பு, ஜெனரேட்டர், தண்ணீர் லாரி என்று எது நின்றாலும் அதை ஓட வைக்கிற வேலை. போன வருடம் வெயில் சற்றுத் தணியத் தொடங்கியபோது அவர் ஒரு பக்கி வாங்க ஆசைப்பட்டார். நம்மூரில் பக்கி என்றால் திட்டு. இங்கே அது இருவர் அருகருகே உட்காரும் சின்ன வண்டி. கதவு கிடையாது, தலைக்கு மேல் இரும்புக் கம்பிக்கூடு, பின்னால் சாமான் தட்டு. காலையில் தீவனக் கட்டும் தண்ணீர் கேனும் ஏற்றி ஒட்டகங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். குளிர்காலத்தில் அதே வண்டி வல்லூறின் பின்னால் வேட்டைக்கு ஓட வேண்டும். காட்டுப் பறவைகளைத் தொட இங்கே தடை இருக்கிறது. அனுமதி பெற்ற இடங்களில், பண்ணையில் வளர்த்த பறவையைப் பறக்கவிட்டு அதன் மேல் வல்லூறை ஏவுவார்கள்.

கடைக்காரன் ஒருநாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி இரண்டு வண்டிகளை லாரியில் ஏற்றிப் பண்ணைக்கே அனுப்பியிருந்தான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. அர்பாபும் நானும் பேசிக்கொள்வது அரபியும் இந்தியும் சேர்த்துப் பிசைந்த ஒரு பாஷை. அதில் அவர் சொன்னார்: “முருகேஸ், நீ பார். நீ எது சொல்கிறாயோ அதை வாங்குகிறேன். கலாஸ்.” முடிந்தது, இனிப் பேச்சில்லை என்று அர்த்தம். கேட்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. நின்று யோசித்தபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. நாளைக்கு விருந்தாளிகளோடு நடுமணலில் வண்டி நின்றால் நிற்பது கம்பெனியின் வண்டியாக இருக்காது. நான் சொன்ன வண்டியாக இருக்கும். என் விசா அவர் கையில் இருக்கிறது.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் டிராக்டர் வாங்குகிறவர்கள் குதிரைசக்தியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. “அறந்தாங்கியில பார்ட்ஸ் கெடைக்குமா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். ஐ.டி.ஐ. முடித்து ஒரு டிராக்டர் பட்டறையில் இருந்தபோது அந்தக் கேள்வி எனக்குச் சிரிப்பாக இருந்தது. நடவு நேரத்தில் ஒரு சின்ன சீல் கிடைக்காமல் ஒரு மனிதர் பட்டறை வாசலிலேயே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. அன்று பண்ணையில் அந்தக் கேள்வியைத்தான் நானும் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு வண்டிக்கும் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். காற்று இழுக்கும் குழாய் எங்கே இருக்கிறது, பின்சக்கரம் வாரி அடிக்கிற தூசி அதற்குள் போகுமா, பில்டரைக் கையாலேயே கழற்ற முடியுமா என்று பார்த்தேன். இந்த வண்டிகளில் கியருக்குப் பதில் ஒரு பெல்ட்தான் சக்கரத்துக்கு வேகத்தைக் கொடுக்கிறது. அது சூடேறி அறுந்தால் வெயிலில் உட்கார்ந்து மாற்ற எவ்வளவு பாடு என்று பார்த்தேன். சுமையோடு மெதுவாக மணல் ஏறும்போது எது சூடாகிறது என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தேன். பச்சை வண்டிக்கு வேகம் கிடையாது. ஆனால் சுமையைச் சத்தமில்லாமல் இழுத்தது, முன்பக்கம் இழுவைக் கயிறு சுற்றிய வின்ச் இருந்தது, பார்ட்ஸ் முசஃபாவிலேயே கிடைக்கும். சிவப்பு வண்டி அம்பு மாதிரி பாய்ந்தது. தீவனம் ஏற்றி ஒரே ஒரு மேடு ஏறியதும் அதன் சூட்டுமுள் மேலே போனது. அதன் தடித்த கம்பிக்கூடு வெறும் பகட்டு என்று நான் நினைத்தேன்.

அர்பாபின் தம்பி ஹமத் சிவப்பு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பச்சையைக் காட்டி, “இது கழுதை” என்றான். கேட்டுக்கொண்டேன் என்பதற்காக நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவன் உடனே அண்ணன் பக்கம் திரும்பி, “பார், மெக்கானிக்கும் கழுதை என்றுதான் சொல்கிறான்” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அர்பாப் சிரித்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். தலையாட்டலைத் திருப்பி எடுத்துக்கொள்ள எந்தப் பாஷையிலும் எனக்கு வார்த்தை இல்லை.

சாயங்கால வெயிலில் வல்லூறை விட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்வது குல் முகமது என்ற பலூச்சிக்காரர். பறவைகளோடு அவர் பேசுவதில் பாதிகூட மனிதர்களிடம் பேச மாட்டார். கண்மூடியைக் கழற்றியதும் வல்லூறு எழுந்து இரையைத் துரத்திக் காற்றோடு காற்றாக மேடுகளைத் தாண்டிப் போனது. அதன் வாலில் சிக்னல் அனுப்புகிற கருவி கட்டியிருந்ததால், அதைப் பிடிக்கும் பெட்டியோடு அர்பாப் தன் பெரிய வண்டியில் தடம் போட்ட பாதையாகச் சுற்றிக்கொண்டு போனார். ஹமத் சிவப்பு வண்டியில் தனியாக நேராக மணல் மேல் பாய்ந்தான். குல் முகமதுவும் நானும் பச்சையில் பின்னால் போனோம். இரண்டு மேடு தாண்டுவதற்குள் அவனுடைய தூசிகூடத் தெரியவில்லை.

முதலில் எஞ்சின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. வல்லூறைப் பிடித்துவிட்டான், அதனால் நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்தேன். குல் முகமது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, “இப்படி யாரும் நிறுத்த மாட்டார்கள். அறுந்த மாதிரி நின்றது” என்றார். போனில் சிக்னல் இல்லை. சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். மேட்டின் காற்றடிக்கும் பக்கம் இறுகி இருக்கும். உச்சிக்கு அந்தப்புறம் மணல் சுவர் மாதிரி செங்குத்தாக விழும். ஒரு மேட்டின் உச்சியில் தடம் நேராகப் போய், அங்கேயே முடிந்திருந்தது.

நான் உச்சிக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி நடந்து போய் எட்டிப் பார்த்தேன். சரிவின் பாதியில் சிவப்பு வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. கம்பிக்கூட்டின் கீழ்க்கம்பிக்கு அடியில் ஹமதின் கால் முழங்கால் வரை மணலுக்குள் இருந்தது. பெட்ரோல் வாடை அடித்தது. சறுக்கிக்கொண்டே இறங்கி முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். சூடான புகைக்குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மணல் ஈரமாகிக்கொண்டிருந்தது. ஹமதின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கொடுத்தோம், பாதி வழிந்தது. வண்டி ஒரேயடியாக நிற்கவில்லை. நாங்கள் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் மணல் நகர, அதுவும் கூடவே முனகிக்கொண்டு சற்று இறங்கியது.

வின்ச்சின் கயிற்றைக் கீழே இறக்கிக் கம்பிக்கூட்டில் மாட்டிவிட்டு நான் மேலேறிப் பச்சை வண்டியில் உட்கார்ந்தேன். இழுத்தால் வண்டி நிமிரும், கால் வெளியே வரும். எனக்குத் தோன்றிய கணக்கு அவ்வளவுதான். வின்ச் பொத்தானை ஒருமுறை தட்டினேன், கயிறு விறைத்தது. கீழேயிருந்து ஹமத் கத்தினான். காற்றில் எனக்குக் கேட்டது “இஸ்ஹப்” என்று. இழு என்று அர்த்தம். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து மறுபடி அழுத்தப் போனேன். குல் முகமது சரிவிலிருந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

“ருக்கோ, நிறுத்து, முருகேஸ். அவன் ‘லா திஸ்ஹப்’ என்கிறான். இழுக்காதே என்கிறான். கம்பி காலை அறுக்கிறது.”

முன்னால் இருந்த அந்த ‘லா’வைக் காற்று கொண்டுபோயிருந்தது. என் விரல் பொத்தானிலிருந்து எழவே மறுத்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் முடியவில்லை. பிறகு குல் முகமதுதான் வழி சொன்னார். நான் கயிற்றை இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. சிவப்பு வண்டி மேலும் சரியாமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும். அவர் காலுக்கு அடியில் இருக்கும் மணலைத் தோண்டுவார். வல்லூறை ஏந்துகிற தோல் உறையை மாட்டிக்கொண்டு நாய் பறிப்பது மாதிரி பறித்தார். நான் பிரேக்கை மிதித்தபடி இருந்தேன். அவர் பறிக்கப் பறிக்கச் சிவப்பு வண்டியின் பாரம் முழுக்கக் கயிற்றுக்கு வந்தது. பச்சை வண்டியின் நான்கு சக்கரமும் சுழலாமலேயே உச்சியை நோக்கி நகர்ந்தன. பின்னால் ஏற்றியிருந்த தண்ணீர் கேன்கள்தான் அதைப் பிடித்து வைத்திருந்தன என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைத்தது செல்வியை. என் மனைவி. காலையில் போன் செய்தவளிடம், வேலையாக இருக்கிறேன் என்று சொல்லிப் பேசாமல் வைத்திருந்தேன். குதித்துவிடலாம், கதவுகூட இல்லாத வண்டி. குதித்தால் கீழே இரண்டு பேர்.

“ஆ கயா” என்று குல் முகமதுவின் குரல் வந்தது. வந்துவிட்டான். ஹமதை அக்குளில் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் தள்ளிப் போனதும் வின்ச்சைத் தளர்த்திவிட்டேன். கயிறு கடைசிவரை ஓடி அறுந்தது; சிவப்பு வண்டி அவசரமே இல்லாமல் உருண்டு அடிவாரத்தில் போய் மல்லாந்தது. நான் இறங்கி மணலில் உட்கார்ந்தேன்.

அவனைப் பச்சையின் சாமான் தட்டில் தீவனச் சாக்கின் மேல் படுக்க வைத்துத் திரும்பினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் “சுவய்ய, சுவய்ய” என்றான். மெதுவாக, மெதுவாக. ஒரு மேட்டின் மேல் போனில் சிக்னல் வந்ததும் அர்பாபை அழைத்தேன். ஹமதுக்கு விபத்து, கால், ஆஸ்பத்திரி என்று தெரிந்த வார்த்தைகளை எல்லாம் கொட்டினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“எந்த வண்டி?”

எந்த வண்டியில் கொண்டு வருகிறாய் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். “பச்சை” என்றேன்.

“நீ பார்த்த அந்தப் பச்சையிலா விபத்து?” என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் தப்பு புரிந்து “லா, லா, அர்பாப்” என்று தொடங்குவதற்குள் சிக்னல் போய்விட்டது. குல் முகமது என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நேரில் பார்த்தால் தெரிந்துகொள்வார், ஓட்டு” என்றார். தார்ச்சாலை வரை ஓட்டினேன். ஒரு வார்த்தையில் விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை தவறாகக் கேட்கப்பட்டதால் போனவர்களும் அதில் இருப்பார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது.

சாலையோரம் ஆம்புலன்ஸ் நின்றது. அர்பாப் ஓடி வந்தார். தம்பியைப் பார்த்தார், நிமிர்ந்து நிற்கிற பச்சை வண்டியைச் சுற்றிப் பார்த்தார், முன்னால் அறுந்து பிசிறு நிற்கிற கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஹமத் படுத்தபடியே அரபியில் வேகமாக ஏதோ சொன்னான். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அர்பாப் என் தோளில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். பிறகு ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டார்.

கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது; எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. பச்சை வண்டியைத்தான் வாங்கினார்கள். என் கணிப்பு சரியாக இருந்தது என்று ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகட்டு என்று நான் தள்ளிய அந்தத் தடித்த கம்பிக்கூடுதான் ஹமதின் தலையைக் காப்பாற்றியது. பச்சை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் அவன் அவ்வளவு நேரம் அங்கே கிடந்திருக்க மாட்டான். வண்டியைப் பற்றிக் கேட்டால் இப்போதும் பில்டர், பெல்ட், பார்ட்ஸ் என்றுதான் சொல்வேன். சொல்லும்போது குரல் முன்போல உறுதியாக வருவதில்லை.

இந்த வருடம் லீவில் ஊருக்குப் போனேன். செல்வியின் தம்பி குமார் தேங்காய் ஏற்ற ஒரு மினி லோடு வண்டி வாங்குவதாக இருந்தான். “மச்சான் வந்து பாத்தாத்தான் வாங்குவேன்னு சொல்லிட்டேன்” என்று ஷோரூமுக்குக் கூட்டிப்போனான். நான் போனதும் வண்டிக்குக் கீழே படுத்துவிட்டேன்.

“அங்க என்ன மச்சான் தேடுறீங்க?”

“மணல் எங்குட்டு உள்ள போகும்னு பாக்குறேன், மாப்ள.”

“இங்க ஏது மச்சான் மணலு? ஆத்துலயே இல்ல.”

ஷோரூம் பையன்கள் சிரித்தார்கள். நானும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே சிரித்தேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று சாவியைக் கொடுத்தார்கள். குமார் அதை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் நகர்த்தி, இரண்டு கையையும் தூக்கினேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. வெறும் டேஷ்போர்டும், அதில் ஒட்டிய ஒரு சின்னப் பிள்ளையாரும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற வளைகுடாப் பழக்கத்தில் அந்தப் பக்கமே ஏறியிருந்தேன். குமார் வெளியே வெயிலில் நின்று, கண்ணாடி வழியே என்னையும் அந்தரத்தில் நின்ற என் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டவா?” என்று கேட்டான்.