மூன்று நொடி தாமதம்

போன ஞாயிறு மதியம் என் மனைவி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாள். அதிக தூரமில்லை... எதிர் ஃப்ளாட்டுக்குத்தான். காரணம், நான் ஆசையாக வாங்கி மாட்டிய டிஷ்!

சாரதா இதே கல்கத்தாவில், ஜாதவ்பூரில் பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலிக்காரனான எனக்கு கிரிக்கெட் போதும். அவளுக்குக் கால்பந்துதான் உயிர். அதிலும் கல்கத்தாவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் அந்த மேட்ச் என்றால், காலையிலிருந்தே அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போன வருஷம் கடைசி கோல் விழுகிற நேரத்தில் கேபிள் போய்விட்டது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை — என்னிடம்! கேபிளை நானா அறுத்தேன்?

இந்த முறை விடுவதில்லை என்று பேப்பரில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். கேபிளா, டிஷ்ஷா? எதில் எந்த ஸ்போர்ட்ஸ் சேனல், எதில் படம் தெளிவு, எது மழைக்குத் தாங்கும்... ஆபீஸில் ஒருவரை விடாமல் விசாரித்தேன். டிஷ் ஜெயித்தது.

மேட்ச் தொடங்கியது. கண்ணாடி மாதிரி படம். சாரதாவின் அணிக்குப் பெனால்டி! ஆட்டக்காரர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார், இன்னும் ஓடத் தொடங்கக்கூட இல்லை, அதற்குள் எங்கள் சால்ட் லேக் குடியிருப்பு மொத்தமும் "கோ...ல்" என்று அலறியது. டிஷ்ஷில் எல்லாமே மூன்று நொடி தாமதமாக வருமாம். அதற்கு நான் கட்டமே போடவில்லையே!

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்கெதுக்கு கோல்?"

பொரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு பௌதியிடம் போய்விட்டாள். இங்கே பக்கத்து வீட்டு அண்ணிகளெல்லாம் பௌதிதான். அங்கே கேபிள். ஒரு பந்து இரண்டாகத் தெரியும். ஆனால் ஊரோடு சேர்ந்து கத்தலாம். என் தெளிவான படத்தோடு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பாவமாகத்தான் இருந்தது.

ஆளுக்கு ஒரு கோல். கடைசிப் பத்து நிமிடம். திடீரென்று குடியிருப்பே அடங்கிப்போனது. கேபிள் போயே போச்சு!

கதவைத் திறந்தால் சாரதா. பின்னால் பௌதி, அவர் கணவர், மாடி வீட்டுக் குடும்பம் முழுசாக. ஹாலில் கால் வைக்க இடமில்லை. சாரதாவின் அணி கோல் போட்டபோது எழுந்த சத்தத்தில் எதிர் பிளாக் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. என்ன ஆச்சு என்று பெங்காலியில் கேட்டார்கள். சாரதா பால்கனிக்கு ஓடி, டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே ஸ்கோர் சொன்னாள். அந்த முகத்தைப் பார்க்க இன்னொரு டிஷ்கூட வாங்கலாம்.

போன வருஷம் இரண்டு நாள் பேசவில்லை என்றேனே... இந்த வருஷம் நான்கு நாளாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அத்தனையும் கால்பந்து!