பழைய சாக்குதான் வேண்டும் என்றேன்

ரியாத் குளிரில் காலைத் தரையில் வைக்க முடியாது. போன டிசம்பரில் நாங்கள் குடிவந்த வாடகை வீட்டில், மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகளை எரிக்கும் ஹீட்டர் அடுப்பு ஒன்று இருந்தது. குச்சி வாங்கப் பத்தா கடைத்தெருவுக்கு நானே போனேன்.

கடைக்கார பாய் புதுச் சாக்கைக் காட்டினார். “நயா நஹி பாய், புரானா சாஹியே” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் பழைய சரக்கையே கேட்டேன். அரிசி பழசானால்தான் நன்றாக இருக்கும், இதுவும் அப்படித்தான் என்று நம்பினேன். அவர் மூலையில் கிடந்த சாக்கை இழுத்துக் கொடுத்தார்.

மாலையில் அடுப்பை மூட்டிய கால் மணி நேரத்தில் ஹால் முழுக்கப் புகை. மூன்று வயது மகள் இருமி இருமி அழுதாள். அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசல் காற்று பட்டதும், “அம்மா, குளிருது” என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் கணவர் சாக்கைக் கொட்டிப் பார்த்தார். பாதி தூளாக உதிர்ந்திருந்தது. “ஈரம் ஏறிப்போச்சு. பழசாக்கி வைக்க இது என்ன அரிசியா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது.

இப்போது சாக்கின் அடியில் தூள் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். குச்சி பளபளப்பாக இருந்து, ‘டக்’கென்று ஒடிந்தால்தான் வாங்குகிறேன். புகை அலாரமும் மாட்டியாயிற்று. இந்தக் குளிருக்கு மகள் ஹாலில் உட்கார்ந்து படம் வரைகிறாள். பழசு மேல் எனக்கிருக்கும் பிரியம் அரிசி டப்பாவோடு சரி.