திட்டக் கூடாது என்றாள், மடக்கிவிட்டேன்

மச்சினன் ஒரு மடக்கு போன் வாங்கித் தந்தான். "வச்சுப் பாத்துட்டு, தினப்படிக்கு சரி வருமான்னு சொல்லுங்க மச்சான். நல்லாருந்தா நானும் ஒண்ணு வாங்குறேன்" என்றான்.

ஒரு வாரமாகச் சோதனை நடக்கிறது. மெலிசுதான். சட்டைப்பையில் இருப்பதே தெரியவில்லை. மடக்குகிற இடத்தில் மட்டும் கரிசல் புழுதி ஏறுகிறது, வாயால் ஊதிக்கொள்கிறேன்.

இன்று பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, மதுரையில் படிக்கிற மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லுவேன். திட்டக் கூடாது."

"சொல்லுத்தா, நான் எதுக்குத் திட்டப் போறேன்?"

அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்து நின்றார். பழைய போன் என்றால், பேச்சு ஓடும்போதே பையில் போட்டுவிட்டு டிக்கெட் வாங்குவேன். அவளும் காத்திருப்பாள். அதே பழக்கத்தில் இதையும் டப்பென்று மடக்கிப் போட்டேன். டிக்கெட்டோடு திறந்து பார்த்தால் லைன் கட்டாகிவிட்டது.

பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். "பிள்ளைட்ட என்னண்ணே இம்புட்டுக் கோவம்?"

பார்த்தவருக்கே அப்படி என்றால், பாவம், அவள் என்ன நினைத்திருப்பாள்?

நாலு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடைசியில் மெசேஜ் வந்தது. "ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."

சும்மா கூப்பிட்டவள் எதற்குத் திட்டக் கூடாது என்றாள்? அருப்புக்கோட்டையில் இறங்கியதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

மச்சினா, போன் நல்ல போன்தான். ஆள்தான் சரியில்லை.

மூடினாலும் லைன் கட்டாகாமல் இருக்க வழி தெரிந்தவர்கள் மெதுவாகச் சொல்லுங்கள். மகளை மறுபடி வாய் திறக்க வைக்க வழி தெரிந்தவர்கள் முதலில் சொல்லுங்கள்.