ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் கடைக்குப் போய்விட்டேன். பள்ளிகொண்டா தாண்டி ஹைவேயில் லாரி மோதி இறந்துபோனான். வீட்டில் இருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் அது இல்லை.

ஆம்பூர் பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பதும், தயாராகி வந்த கண்ணாடியை முகத்துக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுப்பதும் என் வேலை. அந்த நாட்களில் கை தானாக வேலை செய்தது. எதிரில் உட்கார்ந்தவர் யார் என்பது அவர் எழுந்து போனதும் மறந்துவிடும். வலது காது கொஞ்சம் மேலே, மூக்குத்தண்டு தட்டை, அவ்வளவுதான் மனதில் பதியும்.

அப்படி ஒரு நாள் வந்தவர் அந்த அக்கா. ஷூ கம்பெனியில் மெஷினில் தைப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துக் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி எழுதியிருந்தார்கள், பவர் ஜாஸ்தி. அளந்தேன், அட்டையில் எழுதினேன். கண்ணாடி வந்ததும் கம்பியைச் சூடாக்கிக் காதுக்குப் பின்னால் வளைத்தேன். குனிந்து தலையாட்டச் சொன்னேன். நழுவவில்லை.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

"இன்னாம்மா இது, போட்டா தலை கிர்ருன்னு சுத்துது. ஊசி ரெண்டா தெரியுது."

"புது பவருக்கா. பழகிடும்."

அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் "கழட்டாம போட்டுக்கினே இருங்கக்கா, பழகிடும்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா என்று நினைவில்லை.

மூன்றாம் முறை ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மெஷின்ல இருந்து எடுத்துட்டாங்க. தையல் கோணலா போவுதாம். நூல் வெட்ற டேபிள்ல நிக்க வெச்சிருக்காங்க. இருவது வருசமா தைக்கிறேன். என் கை கோணாது."

அவர் குரலை உயர்த்தவில்லை. நான் கண்ணாடியை வாங்கி, லென்ஸ்களின் மையங்களில் புள்ளி வைத்து அளந்தேன். அறுபத்தெட்டு மில்லிமீட்டர். அட்டையிலும் அறுபத்தெட்டுதான், என் கையெழுத்தில். அளவுகோலை அவர் மூக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. இன்னொரு முறை அளந்தேன். ஐம்பத்தெட்டுதான்.

லென்ஸ் தப்பாக வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முதலாளியும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

"தப்பு என்னுதுக்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"எப்படி தப்பா எழுதுவ? உன் வேலையே அதானே?"

"தம்பி செத்துட்டான்க்கா."

அதுவரை இதை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரியும் என்பதால் சொல்ல வேண்டி வரவில்லை. சொன்னபோதும் எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல இருந்தது.

"எத்தினி வயசு?"

"இருவத்தொம்போது."

கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி நேராக்கினார். பிறகு, "வேற கண்ணாடி எப்ப வரும்?" என்றார்.

"புதன்கிழமை."

"லேட் பண்ணாத. என் மெஷின்ல வேற பொண்ண உக்கார வெச்சிருக்காங்க."

அவருக்கு என்மேல் கோபம், நியாயமான கோபம். ஆறுதல் எதுவும் சொல்லாததால் பதில் சொல்ல வேண்டிய கஷ்டமும் எனக்கு இல்லை.

அவர் போனதும், கண்ணாடிக்கு அளவெடுத்ததில்தான் பிழை, இவருடைய பார்வையில் குறையில்லை என்று ஷூ கம்பெனிக்குக் கடையின் தாளில் ஒரு கடிதம் எழுதினேன். முதலாளி கையெழுத்துப் போடத் தயங்கினார்.

"கடை பேரு கெட்டுடும்மா."

"அவங்களுக்கு வேலை போவுதுங்க."

கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

புதன்கிழமை வந்து புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிக்கக் கொடுத்த அட்டையைத் தள்ளிவிட்டு, தன் கைப்பையைத் தூக்கி ஓரத் தையலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இன்னா தையல் இது, இவ்ளோ கேவலமா தெச்சிருக்கான்" என்றார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கண்ணாடி போட அழைத்து வந்தார். கடிதத்தைப் படித்த சூப்பர்வைசர் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டாராம். பத்து நாள் கழித்து லைனின் கடைசியில், ஃபேன் காற்று வராத மூலையில் ஒரு மெஷின் கொடுத்தாராம்.

"என்னோட மெஷின் இல்ல. ஆனா மெஷின்தானே."

அந்த அம்மாவுக்கு நான் மூன்று முறை அளந்தேன். அக்கா பக்கத்தில் நின்று அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார்.

"சாப்ட்டியா?"

மணி நாலு ஆகியிருந்தது. "இல்லக்கா."

"சாப்புடு."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம் ஆறி இறுகியிருந்தது. ருசி ஒன்றும் தெரியவில்லை. முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.